கொட்டாஞ்சேனை மல்லி

விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் சமையலறை தாய்க்குச் சொந்தமில்லை. இதை எந்தப் பல்கலைக்கழகமும் பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிப்பதில்லை. என் மகள் ஆரபிக்கு அனுமதி கிடைத்த அன்று, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் எல்லாக் கதவுகளையும் தட்டி லட்டுக் கொடுத்தவள் நான். அவள் இறுதி வருடத்துக்கு வந்தபோது எனது கிறைண்டர், எனது தாச்சி, எனது அரிதட்டு மூன்றும் 'உபகரணங்கள்' ஆகிவிட்டன. அவற்றைத் தொடுவதற்கு முன் கை கழுவவேண்டும் என்று உத்தரவு வேறு. (என் தாச்சியைத் தொட நான் கை கழுவவேண்டுமாம்!)

அவளுடைய ஆய்வு மூலிகைத் தேநீர் பற்றியது. சந்தையில் சாக்கில் குவித்து விற்கிற மூலிகைக்கும், கொம்பனிகள் பெட்டியில் அடைத்து இலைப்படம் போட்டு விற்கிற மூலிகைக்கும் அன்ரிஒக்சிடன்ற் தன்மையில் வித்தியாசம் உண்டா? இதுதான் கேள்வி. அன்ரிஒக்சிடன்ற் என்றால் என்னவென்று விசாரித்தேன்.

"அம்மா, உடம்புக்குள்ள சில துணிக்கையள் சும்மா திரிஞ்சு மற்றதுகளைப் பழுதாக்கும். அதுகளைப் பிடிச்சு அடக்கி வைக்கிறதுதான் இது" என்றாள்.

இவர் (என் கணவர்) பேப்பரைத் தாழ்த்தாமலே, "அப்ப செக் பொயின்ற் மாதிரி எண்டு சொல்லு" என்றார்.

யுத்த காலம். கொழும்பில் எதற்கு உவமை சொன்னாலும் அது செக் பொயின்றில்தான் போய் நின்றது.

ஆய்வுக்கு நான்கு மூலிகைகள். கொத்தமல்லி, ஆவாரம்பூ, வில்வம்பூ, பொல்பலா என்கிற சிறுபூளை. ஒவ்வொன்றிலும் சந்தைச் சரக்கு ஒன்று, கொம்பனிச் சரக்கு ஒன்று. சந்தைச் சரக்கைத் தெரிவு செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது, எடுத்துக்கொண்டேன். கொட்டாஞ்சேனையில் நான் வழமையாக வாங்குகிற கடைக்குப் பஸ் ஏறிப்போய், சாக்குக்குள் கையை விட்டு, முகர்ந்து, ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்து வாங்கி வந்தேன். கொம்பனிச் சரக்கை ஆரபி நுகேகொடையில் குளிரூட்டிய கடையொன்றில் வாங்கி வந்தாள். அதை முகரவும் முடியாது, கடிக்கவும் முடியாது. பெட்டியைக் குலுக்கிப் பார்க்கலாம்.

இவர் பெட்டியின் பக்கம். நூல் கட்டிய சின்னப் பையைக் கோப்பைக்குள் தூக்கித் தூக்கிப் போடுவதில் அவருக்கு ஒரு நாகரிகம் தெரிந்தது. நான் சாக்கின் பக்கம். ஆகவே ஆராய்ச்சி நடுநிலையாக நடக்கவேண்டும் என்று ஆரபி அடிக்கடி எங்கள் இருவரையும் எச்சரித்தாள். கொம்பனிப் பெட்டியில் 'வறுத்த கொத்தமல்லி' என்று இருந்தபடியால், சந்தைக் கொத்தமல்லியையும் வறுக்கவேண்டும் என்றாள். மொட்டைமாடியில் காயப்போட்டு, இளம் சூட்டில் வறுத்து, அரைத்து, அரித்துக் கொடுத்தேன். அரைத்த வாசம் இரண்டு மாடி கீழே இறங்கியது. கீழ்வீட்டு மனுசி மேலே ஏறி வந்து, "ஆருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டாள். கொம்பனித் தூளுக்கு ஒருவரும் ஏறி வரவில்லை. எனக்கு முடிவு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் விஞ்ஞானத்துக்குத் தெரியவேண்டுமே.

அதற்கு ஒரு மெசின் தேவைப்பட்டது. ஊதா நிறத் திரவம் ஒன்றுக்குள் தேநீரை விட்டால் நிறம் மங்குமாம். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு நல்ல சரக்கு. அந்த மங்கலை அளக்கிற மெசின் ஆரபியின் பகுதியில் பழுதாகி நெடுநாள். வேறொரு பகுதிக்காரர் தங்கள் மெசினை ஒரேயொரு காலைநேரத்துக்கு, மத்தியானம் வரைக்கும் தருவதாகச் சம்மதித்திருந்தார்கள். அதன் பிறகு அது அவர்களுடைய பரீட்சைக்குப் போய்விடும். அந்தக் காலையைத் தவறவிட்டால் ஆய்வறிக்கையை நேரத்துக்குக் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் அடுத்த அணியோடு சேர்ந்து இன்னொரு வருடம். பல்கலைக்கழகம் மூடி மூடித் திறந்ததில் அவளுக்கு ஏற்கெனவே வயது ஏறிக்கொண்டு போனது. பட்டம் கையில் வந்தால் அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம், அதன்பிறகாவது இரவில் நித்திரை கொள்ளலாம் என்று நான் காத்திருந்தேன். ஆகவே அந்த மெசினுக்காக நான் வைத்த நேர்த்திக்கடனைப் போல் எந்த மெசினுக்கும் யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

அன்று காலை ஆரபி மெசினைத் தயார்படுத்த முன்னாலேயே போகவேண்டியிருந்தது. தூள்களையும் தானே கொண்டுபோகிறேன் என்றாள். நான் சம்மதிக்கவில்லை. இளம் பிள்ளை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பைக்குள் பெயரில்லாத தூள் பொட்டலங்கள். (பெயர் போட்டால் மெசினடியில் நிற்கிறவர்கள் பக்கச்சார்பாக இருப்பார்களாம். சந்தைக்கு ஓர் எழுத்து, கொம்பனிக்கு ஓர் எழுத்து, பக்கத்தில் இலக்கம். இப்படியொரு பொட்டலத்தை அந்த நாட்களில் தெருவில் கண்டிருந்தால் நானே பொலிசுக்குச் சொல்லியிருப்பேன்.)

"நீ சும்மா போ பிள்ளை. தூளை நான் கொண்டு வாறன்" என்றேன்.

"உங்களை மறிச்சா?"

"என்னை ஆர் மறிக்கப் போறாங்கள்? நரைச்ச மனுசி. டீச்சர். சிங்களமும் தெரியும்."

இவர் பேப்பரைத் தாழ்த்தினார். "சிங்களமோ? உமக்கோ?"

அவருடைய அந்தத் தொனியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அரசாங்க ஆசிரியர்களுக்கு வைத்த சிங்களப் பரீட்சையில் நான் சித்தியடைந்தவள். இறந்தகால வினைச்சொற்களில் எனக்குத் திறமைச் சித்தி கிடைத்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

பஸ்ஸில் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. என் முறை வந்தது. பொலிஸ்காரப் பெண்பிள்ளை ஒருத்தி அடையாள அட்டையைப் பார்த்தாள். பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தாள். பிறகு பையைத் தொட்டு, "மல்லே மொனவத?" என்று கேட்டாள்.

சிங்களத்தில் மல்ல என்றால் பை. பைக்குள் என்ன என்று கேட்கிறாள். எனக்கு நன்றாகவே விளங்கியது.

இந்த இடத்தில் நான் 'கொத்தமல்லி' என்று சொல்லியிருக்கவேண்டும். கொத்தமல்லிக்குச் சிங்களத்திலும் கொத்தமல்லிதான். இரண்டு இனமும் அடிபடாமல் பங்குபோட்டு வைத்திருக்கிற சொற்களில் அதுவும் ஒன்று. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதன் முழுப்பெயரைச் சொல்வதில்லை. மல்லித்தண்ணி, மல்லித்தூள், மல்லி வாங்கவேணும். துவக்கோடு ஒருவன் பக்கத்தில் நிற்கும்போது வாய்க்கு வீட்டுச் சொல்தான் வரும்.

"மல்லி" என்றேன்.

சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. மரக்கறிக்காரனையும் பஸ் கொண்டக்டரையும் நாள்தோறும் "மல்லி, மல்லி" என்று கூப்பிடுகிறவள்தான் நான். ஆனால் தெரிந்தது எல்லாம் தேவையான நேரத்தில் வரிசையில் வந்து நிற்பதில்லை.

"காகே மல்லித?" என்றாள். யாருடைய தம்பி?

யாருடைய மல்லி என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, உரிமையை நிலைநாட்டினேன். "மகே மல்லி." என்னுடைய மல்லி.

"மல்லி கொஹேத?" தம்பி எங்கே?

இதென்ன விசர்க் கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. கையில் வைத்துக்கொண்டே எங்கே என்று கேட்கிறாளே. "மே மல்லே" என்று பையைத் தட்டிக் காட்டினேன். இந்தப் பைக்குள்.

அந்தப் பெண்பிள்ளை கையை எடுத்துவிட்டாள். "சார்ஜன்ற்!" என்று கூப்பிட்டாள்.

சார்ஜன்ற் பருத்த மனிதர். கடும் தடிமன், சளி. மூக்கு சிவந்து, மூக்கைத் துடைக்கக் கையில் ஒரு லேஞ்சி. அவள் அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னாள். அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். தூள் பொட்டலங்கள். எழுத்துகள், இலக்கங்கள். என்னைப் பார்த்து மிகவும் மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார்: மல்லியை என்ன செய்தீர்கள்?

என் பரீட்சைச் சிங்களம் பளிச்சிட்ட நேரம் அது. இறந்தகாலம், ஒருமை, ஒரு பிழை இல்லை.

"அவ்வே வேலுவா." வெயிலில் காயவைத்தேன்.

"பெத்தா." வறுத்தேன். (இந்தச் சொல் தமிழில் என்ன பொருள் தரும் என்று யோசிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை.)

"எம்பருவா." அரைத்தேன்.

சார்ஜன்ற் ஓரடி பின்னால் போனார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சிங்களப் பெண்மணி ஒருவர் "அனே!" என்று நெஞ்சில் கையை வைத்தார். என் சிங்களத்தின் தெளிவில் அவர்கள் அசந்துபோனதாக நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு டீச்சர் பாதியில் நிறுத்துவதில்லை. அரைகுறையாகச் சொன்னால் சந்தேகம் வரும், ஆராய்ச்சியை முழுதாக விளக்கிவிடவேண்டும் என்று தீர்மானித்தேன். மல்லி ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது என்றேன். ஒன்று கொம்பனி மல்லி. மற்றது கொட்டஹேன மல்லி.

கொட்டாஞ்சேனையைச் சிங்களத்தில் கொட்டஹேன என்பார்கள். 'கொட்டஹேன மல்லி' என்று அவர்களுடைய காதில் விழுந்தபோது அது எப்படி ஒலித்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். பத்திரிகையின் முதற்பக்கத்தில், கைவிலங்கோடு நிற்கிறவனுடைய படத்துக்குக் கீழே போடுகிற பெயர்.

"கொட்டஹேன மல்லி?" என்று சார்ஜன்ற் திரும்பச் சொன்னார். லேஞ்சி அந்தரத்தில் நின்றது.

"ஓவ்" என்றேன், ஆம் என்று. கூடவே, பக்கச்சார்பு வேண்டாம் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்ததையும் மறந்து, பெருமையோடு ஒரு வசனத்தைச் சேர்த்தேன். "கொட்டஹேன மல்லி ஹரிம செரயி."

செர என்றால் காரம், கடுப்பு. குடிக்கிற கசாயத்துக்கும் சொல்லலாம். ஆளைப் பற்றிச் சொன்னால் பொல்லாதவன் என்று பொருள்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. என்னைத் தகரக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய் நீள மர வாங்கில் இருத்தினார்கள். பையை மேசையில் வைத்து எல்லோரும் தள்ளி நின்றார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மெசின் அங்கே, மகள் அங்கே, நான் இங்கே. கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் படிப்பித்த பிள்ளைகள் யாராவது அந்த வழியால் போய், ஜன்னலால் என்னைக் காணக்கூடாதே என்று முந்தானையால் முகத்தை மூடினேன். மூடியதைக் கண்டு காவலுக்கு நின்றவன் இன்னும் உஷாரானான்.

வாங்கின் மறுநுனியில் ஒரு பிள்ளை இருந்தாள். ஆரபியின் வயது இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் வேலை, ஊர் ஹட்டன் பக்கம் என்று பிறகு சொன்னாள். அழுது முடிந்த முகம்.

"ஒங்க தம்பியையும் புடிச்சிட்டாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அது மல்லி."

"ஆமாங்கம்மா. மல்லியத்தான் கேக்குறேன். என் தம்பி உள்ள இருக்கான். பேரு யாரோட பேரு மாதிரியோ இருக்காம். காலையில இருந்து 'மல்லி கவுத, மல்லி கொஹே ஹிட்டியே'ன்னு, தம்பி யாரு, எங்க இருந்தான்னு என்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன ஒவ்வொரு வசனமும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தது. காயவைத்தேன். வறுத்தேன். அரைத்தேன். பொல்லாதவன். எழும்பி, "சார்ஜன்ற், கொத்தமல்லி! கொத்தமல்லி!" என்று கத்தினேன். அந்த மனிதர் ஏற்கெனவே மொழிபெயர்ப்புக்கு ஆள் அனுப்பியிருந்தார். என்னை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு தரம் பிழையாகச் சொன்னால் பிறகு சரியாகச் சொல்வதும் பொய்யாகத்தான் படும்.

எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா சாரத்தை உயர்த்திப் பிடித்தபடி வந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள்.

"என்ன டீச்சர் இது? நீங்க இங்க என்னத்துக்கு ஈக்கிறீங்க?"

நான் சொன்னேன். அவர் பொட்டலமொன்றைத் திறந்து ஒரே முகரலில், "இது கொத்தமல்லிதானே!" என்றார். பிறகு, "மல்லீண்டா செல்லிட்டீங்க?" என்றார். சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாட்டில் தாடி ஆடியது. சிங்களத்தில் விளக்கினார். சார்ஜன்றுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு அந்தத் தகரக் கொட்டில் அதிர்ந்தது. சார்ஜன்ற் சிரித்தார், காவலுக்கு நின்றவன் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தான், பொலிஸ்காரப் பெண்பிள்ளை வெளியே ஓடிப்போய் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லி, அவர்களும் சிரித்தார்கள். சந்தேகத்துக்குப் பேர்போன அந்த மனிதர்கள் சிரித்து முடிக்கும் மட்டும் ஒரு படித்த பெண், ஒரு ஆசிரியை, ஒரு தாய் வாங்கில் இருந்தாள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவரும்!

"சரி, நான் போகலாம்தானே?" என்று நானா மூலம் கேட்டேன். மெசின் எனக்காகக் காத்திருக்காது என்றும் சொல்லச் சொன்னேன்.

போகலாமாம். ஆனால் பெயர் எழுதாத தூளை அப்படியே விட முடியாதாம். சட்டமாம். சாப்பிடுகிற சாமான் என்றால் அவருக்கு முன்னால் குடித்துக் காட்டவேண்டுமாம். சொல்லிக்கொண்டே சார்ஜன்ற் மூக்கை உறிஞ்சினார். சட்டம் எந்த வழியால் வந்தது என்று எனக்கு அப்போதே விளங்கியது.

"இது ஆராய்ச்சிச் சாமான்! அளந்து வைச்சது!" என்றேன். நானா மொழிபெயர்த்தார். மெதுவான குரலில் எனக்கு, "குடுத்துட்டுப் போங்க டீச்சர். கதைக்கக் கதைக்க நேரந்தான் போற" என்றார்.

அவருடைய கடையிலிருந்தே சுடுதண்ணீர்க் கேத்தல் வந்தது. ஒரு கரண்டி போதும் என்று நான் இரண்டு மொழியிலும் சொன்னேன். பொலிஸ்காரப் பெண்பிள்ளை கொட்டாஞ்சேனைப் பொட்டலத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். மொட்டைமாடியில் காகம் விரட்டிக் காயவைத்தது. கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு வறுத்தது. ஒரு தட்டுத் தட்டினாள், பொட்டலத்தின் மூலையில் ஒட்டியிருந்ததும் விழுந்தது.

முதல் கோப்பை எனக்கு. குடித்தேன். சாகவில்லை. இரண்டாவது சார்ஜன்றுக்கு. அவர் ஊதி ஊதிக் குடித்தார். நெற்றி வியர்த்தது. லேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார், அப்படியொரு சத்தம் நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. நிமிர்ந்து, "செரயி தமாய்" என்றார். செரதான்.

எனக்குள் ஒரு மூலையில், வெட்கமில்லாமல், சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அத்தோடு விட்டாரா? "அனித் மல்லித்?" என்றார். மற்றத் தம்பியுமா? கொம்பனிப் பொட்டலம் இன்னொரு கேத்தலுக்குள் போனது. ஒரு மிடறு குடித்துவிட்டு, மிச்சத்தை ஜன்னலால் வெளியே ஊற்றினார். "வத்துர" என்றார். தண்ணீர். ஆய்வுகூடம், மெசின், ஊதாத் திரவம் ஒன்றும் தேவைப்படவில்லை. பெரிய நீதவான்!

பையைக் கையில் தந்தார்கள். ஆவாரம்பூவும் வில்வம்பூவும் பொல்பலாவும் தப்பியிருந்தன. அவருக்கு அடிவயிற்றில் ஒரு கோளாறும் இல்லாமல் இருந்தது அவற்றின் அதிர்ஷ்டம். நான் வாசலுக்கு வந்தேன். அந்த ஹட்டன் பிள்ளை வாங்கில் அப்படியே இருந்தாள். எல்லோரும் சிரித்தபோது அவளும் கொஞ்சம் சிரித்தாள். சிரிக்காவிட்டால் பிழையாக எடுப்பார்களோ என்று பயந்து சிரித்த சிரிப்பு. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. திரும்பினேன். சார்ஜன்ற் நல்ல மனநிலையில் இருக்கிறார், மூக்கு திறந்துவிட்டது, இதுதான் நேரம் என்று நினைத்து என்னுடைய சிங்களத்தை மறுபடி எடுத்தேன். இந்தப் பிள்ளைக்கும் மல்லியைக் கொடுங்கள் என்றேன்.

"ஆ, ஓவ் ஓவ்!" என்றார் சார்ஜன்ற். மிகுந்த தாராளத்தோடு முதல் கேத்தலைச் சரித்து, ஒரு கிளாஸ் கொட்டாஞ்சேனை மல்லியை வார்த்து அவளுடைய கையில் கொடுத்தார்.

நான் தம்பியைக் கேட்டேன். அவர் கொத்தமல்லியைக் கொடுத்தார். அரைமணி நேரத்துக்குள் அந்தக் கொட்டிலில் சொல்லின் பொருளை நானே மாற்றிவிட்டிருந்தேன். அவள் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னாலும் அவளுக்கு மேலும் பிழையாகிவிடும் என்று பயந்தேன். நானாவைப் பார்த்தேன். அவர், "நான் பேசிப் பாக்கிறன் டீச்சர், நீங்க போங்க" என்றார். போனேன்.

பல்கலைக்கழக வாசலில் ஆரபி வெயிலில் நின்றாள். தொலைபேசியில் என்னைப் பிடிக்க முடியாமல் முகம் வெளிறிப்போயிருந்தது. பையைப் பறித்து உள்ளே பார்த்தாள்.

"அம்மா, மல்லி எங்க?"

நடுவீதியில் நின்று நான் ஓவென்று அழுதேன். பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொலிஸ் குடித்துவிட்டது என்று சொன்னபோது இன்னும் விளங்கவில்லை. ஆனால் மத்தியானத்துக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. ஓடினாள். மிச்ச மூன்று மூலிகைகளையும் மெசினில் ஏற்றிவிட்டாள். பரீட்சைக்காரர் வந்து கதவைத் தட்டும்போது கடைசி அளவீடு முடிந்திருந்தது. வருடம் தப்பியது.

திரும்பி வரும்போது நான் பஸ்ஸில் வரவில்லை. அந்தக் கொட்டில்வரை நடந்தே வந்தேன். வாங்கு வெறுமையாக இருந்தது. நானாவின் கடைக்குள் போனேன்.

"பொடியன விட்டுட்டாங்க டீச்சர். நீங்க போய்க் கொஞ்ச நேரத்தில" என்றார். கடுதாசியில் ஏதோ சுற்றிக்கொண்டே, "அந்தப் புள்ள கடைசிவரைக்கும் அந்தத் தண்ணிய குடிக்கவே இல்ல. கையில வச்சிட்டே இருந்திச்சி" என்றார்.

ஆரபியின் ஆய்வில் ஆவாரம்பூவில் சந்தைச் சரக்கு முந்தியது, வில்வம்பூவில் கொம்பனி முந்தியது, பொல்பலாவில் பெரிய வித்தியாசம் இல்லை. இவரும் நானும் ஆளுக்கொரு வெற்றியோடு சமாதானமாகவேண்டி வந்தது. கொத்தமல்லி பற்றி அறிக்கையில் ஒரேயொரு வரி இருக்கிறது. 'மாதிரிகள் கிடைக்காமையினால் சேர்க்கப்படவில்லை.' நான் அதைப் படித்துவிட்டு மகளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. கிடைக்கவில்லையாம்! கிடைத்தது, காயவைக்கப்பட்டது, வறுக்கப்பட்டது, அரைக்கப்பட்டது, அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரால் குடிக்கப்பட்டது. அதை எழுத விஞ்ஞானத்துக்குத் தைரியம் இல்லை.

யுத்தம் முடிந்துவிட்டது. கொட்டிலும் இல்லை. ஆரபி இப்போது குளிர்தேசம் ஒன்றில் பெரிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். எங்கள் வீட்டில் கொத்தமல்லிக்குப் பெயர் 'தம்பி' என்றாகி எவ்வளவோ காலம். இவர்தான் தொடக்கி வைத்தார். "தம்பி முடிஞ்சுபோனார், வாங்கவேணும்" என்று அவர் சமையலறையிலிருந்து கத்துவதைக் கேட்டு, துக்கம் விசாரிக்க எழும்பிய விருந்தினரும் உண்டு. பேரப்பிள்ளைக்குத் தடிமன் என்றால் ஆரபி அங்கிருந்து கூப்பிட்டு, "அம்மா, கொட்டாஞ்சேனைத் தம்பியை ஆரிட்டையாவது குடுத்து அனுப்புங்கோ. வறுத்து அரைச்சு அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, இந்தத் தொலைபேசியை யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று, வாயை ரிசீவருக்குக் கிட்டக் கொண்டுபோய், "கொத்தமல்லி. கொத்தமல்லி" என்று இரண்டு தரம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கதைக்குப் போவேன்.